தேர்வுத்தாளில் பாதி

இந்த வலைப்பூவிற்கு வழக்கமாக வருகின்றவர்கள் வல்லினம் மிகும் இடங்களைப் பற்றியோ, நான்காம் ஆண்டு மாணவர்களுக்கான கருத்துணர்தல் பயிற்சிகளைப் பற்றியோ எதிர்பார்த்து வருவீர்கள். இம்முறை அவை இல்லை. கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு நாள் முழுவதும் பெட்டாலிங் ஜெயா 51ஆம் பிரிவில் உள்ள ஒரு தகரக் கூரைப் பட்டறையில் அமர்ந்து எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த எண்கள் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. எழுதி இறக்கிவைக்கிறேன்.

பட்டறை என் தம்பியுடையது. அவனும் இன்னோர் இளைஞரும் மட்டுமே அங்கே வேலை செய்கிறார்கள். டர்போ பொருத்திய இயந்திரங்களைப் பிரித்துச் சேர்ப்பது அவர்களுடைய தொழில். தம்பிக்கு இந்தப் பித்து பிடித்த ஆண்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2002. நம் நாட்டைச் சேர்ந்த கரம்ஜித் சிங், ஆலன் ஓ வழிகாட்டியாக அருகில் அமர்ந்திருக்க, புரோட்டோன் பெர்ட் வண்டியை ஓட்டி உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி வாகையர் பட்டத்தை வென்றார். பெயர்தான் புரோட்டோன், உள்ளே இருந்தது மிட்சுபிஷி லேன்சர் எவலூஷன். அதன் இதயம் 4ஜி63 என்னும் இரண்டு லிட்டர் டர்போ இயந்திரம். அப்போது மூன்றாம் படிவத்தில் இருந்த தம்பி, பி.எம்.ஆர். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் நாளிதழ்ப் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தசமம் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கற்ற கற்பித்தல் முறைகளையெல்லாம் அவன்மீது செய்துபார்த்தேன். 0.05 பெரிதா, 0.037 பெரிதா என்று கேட்டால், இலக்கங்கள் அதிகமுள்ள 0.037 என்பதே பெரிது என்பான். அடிக்கோலால் அவன் விரலில் தட்டியதும் உண்டு. கற்பித்தல் முறைகளில் அது சேராது.

படிப்பு ஐந்தாம் படிவத்தோடு நின்றது. தொழிற்பயிற்சி, பிறகு பலருடைய பட்டறைகளில் வேலை, பிறகு சொந்தப் பட்டறை. தொடங்குவதற்கு என் சேமிப்பிலிருந்து ஆறாயிரம் வெள்ளி கொடுத்தேன். அம்மா தம் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தார். அது இன்னும் திரும்பவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். பின்னால் வரும் செய்திக்கு அது தேவைப்படும்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் தம் பழைய வீராவைக் கொண்டுவந்தார். ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப் கட் வண்டியிலிருந்து எடுத்த 4ஜி63 டர்போ இயந்திரம் அதில் ஏற்றப்பட்டிருந்தது. அதை முழுமையாகப் பிரித்து, கூடுதல் ஆற்றலுக்கு ஏற்றபடி மறுபடி கட்டித் தரவேண்டும் என்றார். தம்பி கட்டினான். சிப்பாங் ஓட்டக்களத்தில் பொதுமக்கள் ஓட்டும் நாள் ஒன்றில் அவர் அதை ஓட்டிச் சென்றார். மூன்றாவது சுற்றில் எண்ணெய் விளக்கு மின்னியது. கீழே இருந்து சுத்தியலால் தட்டுவதைப் போன்ற ஓசை வந்தது. நல்லவேளையாக அவர் உடனே ஓரங்கட்டிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இயந்திரத்தைப் பிரித்தபோது இரண்டாவது மெயின் பேரிங் தன் இருக்கையிலேயே சுழன்று, கிராங்க் ஷாஃப்டைச் செதுக்கிக் கருக்கியிருந்தது.

கிராங்க் ஷாஃப்டுக்கு வணரித்தண்டு என்று ஒரு நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. தம்பியிடம் சொன்னேன்; "நல்லாத்தான்கா இருக்கு, ஆனா உதிரிப்பாகக் கடைக்காரருக்குப் புரியாதே" என்றான். ஆகவே இக்கட்டுரையில் கிராங்க் என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

பேரிங் என்றதும் சைக்கிள் சக்கரத்தில் உள்ள உருண்டைக் குண்டுகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கில் குண்டுகளே இல்லை. பிறை வடிவில் வளைந்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். ஒன்று மேலே பிளாக்கில், மற்றொன்று கீழே மூடியில். இரண்டும் சேர்ந்து ஒரு வட்டம். அந்த வட்டத்திற்குள் கிராங்கின் கழுத்து சுழலும். 4ஜி63 இயந்திரத்தில் இப்படி ஐந்து இடங்கள் உண்டு. கழுத்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். கழுத்திற்கும் தகட்டிற்கும் நடுவே எண்ணெய் நிற்பதற்கு ஓர் இடைவெளி வேண்டும். மூலத் தயாரிப்பில் அந்த இடைவெளி 0.02 முதல் 0.04 மி.மீ. வரை.

நாம் தேர்வுக்குப் பயன்படுத்தும் சாதாரண வெள்ளைத்தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதில் பாதி கூட இல்லாத இடைவெளி அது.

அந்த இடைவெளியில் எண்ணெய் எப்படி இரும்பைத் தாங்குகிறது? 1883இல் இங்கிலாந்தில் போசாம்ப் டவர் என்னும் பொறியாளர் இரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்தபோது மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அத்துளை வழியே மேலேறி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் மெல்ல வெளியேறியது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து ஒரு குறுகிய ஆப்புக்குள் திணிக்கிறது, அந்த அழுத்தமே பாரத்தைத் தாங்குகிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1886இல், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். மழை நாளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும் வண்டியின் சக்கரம் தண்ணீர்மேல் ஏறி மிதந்து வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நம்மைக் கொல்லக்கூடிய அதே செயல்தான் இயந்திரத்திற்குள் கிராங்கைக் காப்பாற்றுகிறது. சுழலும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

எவ்வளவு பாரம் என்று தெரிந்துகொள்ள ஆசிரியருக்கே உரிய ஆவல் எனக்கு. வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இயந்திரத்தின் பிஸ்டன் விட்டம் 85 மி.மீ.; பரப்பு ஏறத்தாழ 56.7 சதுர சென்டிமீட்டர். டர்போ ஊட்டிய எரிதலின் உச்ச அழுத்தத்தை 100 பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிஸ்டன் தலையில் விழும் தள்ளு விசை ஐந்தே முக்கால் டன் எடைக்கு நிகராகும். நிமிடத்திற்கு 7,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 58 முறை இந்த அடி விழுகிறது. அதைத் தாங்குவது தாளில் பாதித் தடிமனுள்ள எண்ணெய்.

இதனால்தான் ஆற்றல் கூட்டிய இயந்திரத்தில் இடைவெளியைச் சற்றே கூட்டுகிறார்கள். அடி பலமாக விழுகையில் கிராங்க் வளைகிறது, சூடு ஏறுகிறது, சூட்டை அள்ளிச்செல்ல எண்ணெய் கூடுதலாக ஓடவேண்டும். கழுத்து விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது இத்தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு கைக்கணக்கு. 57 மி.மீ. விட்டத்திற்கு 0.057. தம்பி வைத்துக்கொண்ட எல்லை 0.050 முதல் 0.060 வரை. அதற்குமேல் போனாலும் கேடுதான். எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகி, அழுத்தம் குறைந்து, படலம் மெலிந்துவிடும். குறைந்தால் எரியும், கூடினால் ஒழுகும்.

சரி, முதல் முறை ஏன் கெட்டது?

தம்பிக்கு இரண்டு வாரங்கள் உறக்கமில்லை. எண்ணெய்ப் பம்பைச் சந்தேகித்தான். பேரிங் போலிப் பொருளோ என்று சந்தேகித்தான். ஓட்டியவரையும் சந்தேகித்தான், அது எனக்குப் பிடிக்கவில்லை. இறுதியில் பிளாக்கைச் சுமந்துகொண்டு ஒரு லேத் பட்டறைக்குச் சென்றான். அங்கிருந்த சீனப் பெரியவர் பேரிங்கின் இருக்கையை அளந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நீ அளந்தபோது எந்த போல்ட்டைப் போட்டு அளந்தாய்?"

தம்பி பழைய போல்ட்டுகளைப் போட்டு இறுக்கி அளந்திருந்தான். இடைவெளி 0.035 என்று வந்தது. மூலத் தயாரிப்பாளர் கொடுத்த எல்லைக்குள் இருக்கிறதே என்று விட்டுவிட்டான். ஆனால் கடைசியாகப் பூட்டும்போது, ஆற்றலுக்குத் தாங்கட்டும் என்று, வாங்கிவைத்திருந்த புதிய வலுவான ஸ்டட்டுகளைப் போட்டு இறுக்கினான். ஸ்டட் பழைய போல்ட்டைவிட மிகுந்த விசையோடு மூடியை அமுக்கும். அமுக்கினால் இரும்பும் நெளியும். வட்டமாக இருந்த இருக்கை, மேலிருந்து கீழாக ஆயிரத்தில் சில பங்கு நசுங்கி முட்டை வடிவம் கொள்ளும். அடி விழும் திசையும் அதுவே. போதாததற்கு முதல் முறை அவன் அளந்தது பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு நூலால். நூல் நசுங்கும் அகலத்தை உறையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அது பொய் சொல்லாத கருவிதான். ஆனால் நுணுக்கமாகப் பேசாது.

அந்த இளைஞர் சத்தம் போடவில்லை. "அண்ணே, நான் ரெண்டு வருசம் சேத்த காசு" என்று மட்டும் சொன்னாராம். தம்பி கூலி வாங்காமல், பொருளும் தானே வாங்கி, மறுபடி கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டான். அதற்காக என்னிடம் மறுபடி வந்தான். மூவாயிரம் வெள்ளி. என் கணவருக்குத் தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் அவர் இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. அந்தப் பணத்தில் ஹாஃப் கட் கடையிலிருந்து வேறொரு கிராங்க் வந்தது. ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் போர் கேஜ் ஒன்றும் வந்தது. பிளாக் சீனப் பெரியவரிடம் சென்று, புதிய ஸ்டட்டுகளை இறுக்கிய நிலையிலேயே ஐந்து இருக்கைகளும் ஒரே நேர்க்கோட்டில் லைன் ஹோன் செய்யப்பட்டு வந்தது.

அளக்கும் நாளன்று உதவியாள் இளைஞர் ஊருக்குப் போயிருந்தார். "எண் எழுத ஒரு ஆள் வேணும்கா. நீ எழுதினா தப்பு வராது" என்றான் தம்பி. அப்படித்தான் நான் அங்கே போனேன்.

காலை ஆறரைக்கே வரச் சொன்னான். ஏன் இவ்வளவு விடியலில் என்று கேட்டேன். தகரக் கூரை சூடேறுவதற்குள் அளந்தாக வேண்டுமாம். 57 மி.மீ. எஃகு பத்துப் பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.006 மி.மீ. பெருத்துவிடும். நாம் தேடிக்கொண்டிருப்பதோ 0.05. கிராங்க், பிளாக், பேரிங், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் முதல்நாள் மாலையே ஒரே மேசையருகே வைத்திருந்தான். எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருக்கவேண்டும் என்பதற்காக. மைக்ரோமீட்டரைக் கூட வெறுங்கையால் நெடுநேரம் பிடிக்கவில்லை. பள்ளி ஆய்வகத்தில் நாங்கள் இவ்வளவு கவனம் எடுப்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

முறை இதுதான். முதலில் கிராங்கின் கழுத்தை மைக்ரோமீட்டரால் அளப்பான். இரண்டு திசையில், இரண்டு இடத்தில். பிறகு மைக்ரோமீட்டரை அந்த அளவிலேயே பூட்டி, அதற்குள் போர் கேஜை வைத்து முள்ளைச் சுழியத்திற்குக் கொண்டுவருவான். பிறகு அதே கேஜைப் பேரிங்கின் உள்ளே செலுத்தி மெல்ல ஆட்டுவான். முள் திரும்பும் இடம் எதுவோ அதுவே இடைவெளி. கழித்தல் கணக்கு தேவையில்லை; ஒரு கருவியின் பிழை மறு கருவியில் சேர்வதும் இல்லை. மேல் கீழாக மட்டுமே அளந்தான். இரண்டு தகடுகளும் சந்திக்கும் பக்கவாட்டில் தகடு வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டிருக்குமாம். அங்கே அளந்தால் ஏமாந்துபோவோம்.

நான் கட்டம் போட்ட கணிதப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதினேன்.

ஒன்று: 56.986. இடைவெளி 0.053.

இரண்டு: 56.984. இடைவெளி 0.054.

மூன்று: 56.985. இடைவெளி 0.053.

நான்காவது கழுத்து 56.984. கேஜை உள்ளே விட்டு ஆட்டினான். "0.037" என்றான். நான் எழுதினேன். எழுதிய எண்ணின்மேல் என் பேனா நின்றது. அவன் அடுத்ததற்கு நகர்ந்து, ஐந்தாவதையும் அளந்து 0.054 என்றான். அதையும் எழுதினேன்.

"நாலாவது 0.037தானா, தம்பி?"

அவன் கேஜைத் துணியால் துடைத்தான். மறுபடி அளந்தான். மூடியைக் கழற்றி, தகட்டின் பின்புறத்தையும் இருக்கையையும் துடைத்து, தூசி ஏதும் இல்லையென்று விரலால் தடவிப் பார்த்து, மறுபடி பூட்டி, டார்க் ரெஞ்சால் மூன்று படியாக இறுக்கி, மறுபடி அளந்தான். 0.037. அதற்குள் மணி ஒன்பதாகிவிட்டது. முதுகில் வெயில் தெரிந்தது. இளைஞரிடம் வண்டியைக் கொடுப்பதாகச் சொன்ன நாள் ஏற்கெனவே ஒரு வாரம் கடந்திருந்தது.

"புத்தகத்துல 0.04 வரைக்கும்தானே போட்டிருக்கான். இது உள்ளதான் இருக்கு" என்றான், என்னைப் பார்க்காமல்.

எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தை நான் முன்னரே கேட்டிருக்கிறேன். முதல் முறை கெட்ட பிறகு, எங்கள் வீட்டுச் சமையலறையில் அமர்ந்து, அளந்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று அம்மாவிடம் சொன்னபோது இதே சொற்களைத்தான் சொன்னான். சொல்லலாமா, வேண்டாமா என்று சற்றுத் தயங்கினேன். அவனுடைய தொழில், நான் வெறும் எழுத்தர். சிறு வயதில் விரலில் தட்டியவள் வேறு. கடைசியில் கேட்டேன்:

"0.05 பெரிசா, 0.037 பெரிசா?"

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து கைகழுவிவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து, "மத்தியானம் கிள்ளான் வரைக்கும் போயிட்டு வரணும்கா" என்றான்.

போய்வந்தோம். இத்தொழிலில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது இந்தச் செய்திதான். பந்தய இயந்திரங்களுக்கான பேரிங் செய்கின்றவர்கள், வழக்கமான தகட்டோடு, இடைவெளியைச் சற்றுக் கூட்டித் தரும் இன்னொரு வகையையும் செய்கிறார்கள். இரண்டு தகடுகளையும் அவ்வகையில் போட்டால் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. கூடும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதைப் பழையபடியே விட்டால் அதில் பாதி, 0.0125 அளவில் கூடும். 0.037 உடன் 0.0125 கூட்டினால் 0.0495. நெடுஞ்சாலையில் அவன் வண்டியை ஓட்ட, நான் மனக்கணக்காகக் கூட்டிச் சொன்னேன். "தெரியும்" என்றான்.

ஓர் இடைக்குறிப்பு. இத்தகைய மெல்லிய பேரிங் தகடுகள் ஏதோ ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மட்டுமே உருவாகின்றன என்று நினைத்திருந்தேன். சென்னை அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனம் நெடுங்காலமாகக் கோயம்புத்தூரில் இவற்றைச் செய்துவருகிறதாம். 2005இல் சிப்பாங்கில் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிப் பதினோராவதாக வந்த நரேன் கார்த்திகேயனின் ஊரும் அதுதான். அந்தப் பந்தயத்தைத் தம்பி புல்மேட்டில் அமர்ந்து பார்த்து, தோல் உரிய வெயிலில் காய்ந்து வீடு திரும்பியது நினைவுக்கு வந்தது.

அன்று மாலை அவன் அளக்கவில்லை. கூரை சூடாக இருந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடி போனோம். மேல் தகட்டை மட்டும் மாற்றி, மூடியைப் பூட்டி, இறுக்கி, கேஜைச் சுழியமாக்கி, உள்ளே விட்டு ஆட்டினான். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"0.050" என்றான். பிறகு, "எழுதாதே, இன்னொரு தடவை" என்றான். மூன்று முறை அளந்தான். மூன்று முறையும் அதுவே வந்தபிறகுதான் எழுதச் சொன்னான்.

கிராங்கை எண்ணெய் தடவிப் படுக்கவைத்து, ஐந்து மூடிகளையும் பூட்டி முடித்தபின், என்னைத் திருப்பிப் பார்க்கச் சொன்னான். இரண்டு விரலால் தள்ளினேன். அவ்வளவு கனமான இரும்பு, சத்தமே இல்லாமல், நீரில் மிதப்பதைப் போலத் திரும்பியது.

இயந்திரம் முழுமையாகச் சேர்ந்து வண்டியில் ஏற இன்னும் பத்து நாட்கள் பிடித்தன. அதெல்லாம் நான் இல்லாதபோது நடந்தது. முதல்முறை முடுக்கிய அன்று மாலை பள்ளி முடிந்து நேரே போனேன். பற்றவைக்கும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை காத்திருந்தான். முள் எழுந்தது. பிறகு கம்பிகளை மாட்டி முடுக்கினான். அந்த இளைஞரும் வந்திருந்தார். மூவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். சூடேறச் சூடேற அது மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது. தம்பி தலையசைத்தான். இளைஞர் அவன் தோளைத் தொட்டார்.

இது நடந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அவர் இருமுறை சிப்பாங் சென்று வந்துவிட்டார். எண்ணெயை மாற்றும்போது வடிகட்டியை வெட்டிப் பிரித்துப் பார்த்தார்கள். உலோகத் துகள் மின்னவில்லை. அம்மாவின் சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் தம்பி கட்டுகிறான். எனக்கு இதுவரை எண்ணூறு வெள்ளி திரும்பி வந்திருக்கிறது.

எண்கள் எழுதிய பயிற்சிப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன், கொடுக்க மறுத்துவிட்டான். வேறு மூன்று இயந்திரங்களின் அளவுகள் இப்போது அதில் ஏறியிருக்கின்றன. அவனுடைய 7 சில இடங்களில் 1 போல இருக்கிறது. திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன்.